பத்தாவது பெயர் என்னுடையது

அன்பான சபையாருக்கு, தேரடி குளோரி எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில் நான் முன்னால் வந்து நின்று, கர்த்தர் என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தார் என்று சாட்சி சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்களும் கை தட்டி ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அந்தச் சாட்சியில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். "வாயால சொன்னத வாயாலயே திருத்தலாமேம்மா" என்றார் பாஸ்டர் ஐயா. மைக் முன்னால் நின்றால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும், பாதி விஷயம் போய்விடும். அதனால் சபை மாதத்தாளில் எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

நான் விமான நிலையத்தில் வேலை செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தெருவில் சிலர் இன்னும் என்னை ஏர்ஹோஸ்டஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் உடம்பைப் பார்த்த பிறகும் அப்படி நினைக்கிறார்களே, அதுவே ஓர் அற்புதம்தான். எழுபது பேர் உட்காரும் சின்ன விமானங்களைச் சின்ன ஊர்களுக்கு ஓட்டும் கம்பெனி அது. நான் பயணிகளுக்குச் சீட்டு போட்டுக் கொடுக்கும் கவுண்டரில் இருப்பேன். யார் எந்த நாள் எந்த ஷிஃப்டுக்கு வர வேண்டும் என்கிற டியூட்டி சார்ட்டையும் நான்தான் போடுவேன். என்னையும் சேர்த்து இங்கே வேலை பார்க்கும் பதினெட்டு பேரின் வருகையும் லீவும் என் கையில்தான் இருந்தன.

இந்த வருஷம் கோடை விடுமுறை முடிந்ததுமே விமானங்கள் காலியாகப் பறக்க ஆரம்பித்தன. கையில் பெட்டியோடு வாரம் தவறாமல் வரும் கம்பெனி ஆட்களைக் காணவில்லை. எங்கேயும் வியாபாரம் இல்லை என்றார்கள். முதலில் இரண்டு ஊர்களுக்குப் போவதை நிறுத்தினார்கள். பிறகு ஒரு விமானத்தையே திருப்பி அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் டேவிட் எண்ணூர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் ஓட்டுகிறவர். அங்கேயும் ஏற்றுமதி படுத்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் லோடு கிடைத்தால் பெரிது. மற்ற நாள்களில் வண்டியும் நிற்கும், அவரும் நிற்பார். பட்ட காலிலே படும் என்பார்கள், அப்படித்தான் ஆனது.

ஒரு புதன்கிழமை மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். பதினெட்டு பேரில் பத்து பேரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார். எத்தனை வருஷ சர்வீஸ், பயிற்சியில் என்ன மார்க், வருகை எப்படி, இதையெல்லாம் பார்த்து வரிசைப்படுத்துவார்களாம். வருகை விவரத்தை நான் எடுத்துத் தர வேண்டும்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு ஒன்றுகூட விடாமல் வந்தேன். நீங்கள் எல்லோரும் என்னோடு முழங்கால் போட்டீர்கள். என் ஜெபம் என்ன என்று இப்போது மறைக்காமல் சொல்கிறேன். "ஆண்டவரே, அந்தப் பத்து பேரில் என்னை வையும்." அவ்வளவுதான். மற்ற பதினேழு பேரைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

பட்டியல் ஒரு சனிக்கிழமை வந்தது. பத்தாவது பெயர் என்னுடையது. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பதினோராவது பெயர் நூர்ஜஹான்.

மறுநாள்தான் நான் சாட்சி சொன்னது. ஆராதனை முடிந்ததும் நம் ஸ்டெல்லா அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரருக்கு மணலியில் ஃபேக்டரி வேலை, அங்கேயும் ஆள் குறைக்கிறார்கள். "உன் ஜெபம் கேக்கப்படுது குளோரி. எங்க வூட்டுக்காரருக்கும் ஒரு வார்த்த சொல்லு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நூர்ஜஹானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறு வயது சின்னவள். வண்ணாரப்பேட்டைக்காரி. அவள் வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து வேலை போய்த் திரும்பி வந்தவர். ஐந்து வருஷமாக நாங்கள் ஒரே மெட்ரோவில் போகிறோம். தேரடியில் ஏறினால் எனக்கு இடம் கிடைத்துவிடும். வண்ணாரப்பேட்டையில் அவள் ஏறும்போது கூட்டம் பிதுங்கும். என் பையை வைத்து அவளுக்கு இடம் பிடிப்பேன். சண்டைக்கு வருகிறவர்களிடம் சண்டையும் போடுவேன். அவள் டப்பாவில் எனக்கும் சேர்த்து நாஸ்தா இருக்கும்.

திங்கட்கிழமை அவள் வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மேனேஜர்கிட்ட கேட்டேங்கா. ஒரு நாளு சொல்லாம கொள்ளாம லீவு போட்டுகிறேனாம். அதுலதான் ஒனக்குக் கீழ போய்ட்டனாம். நான் எப்பங்கா அப்டி போட்டேன்? காய்ச்சல்ல கூட வந்துகினு தான இருந்தேன்? இத்தினி நாளா துஆ கேட்டுகினு இருந்தேன். அல்லா எனக்கு இன்னா சொல்றான்னு தெர்லக்கா."

எந்த நாள் என்று கேட்டேன். சொன்னாள்.

அந்த நாள் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை. அவள் பெண்ணைப் பள்ளியில் சேர்க்கும் நாள் என்று முந்தின வாரமே சொல்லியிருந்தாள். அவளுக்குப் பதிலாகச் செல்வம் வந்து வேலை பார்த்தான். ஆள் மாறினால் அதை நான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் முதலில் போட்டவர் சொல்லாமல் வரவில்லை என்று அதுவே எழுதிக்கொள்ளும். அன்றைக்கு நான் அவசர அவசரமாகக் கிளம்பினேன். திங்கட்கிழமை ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். பிறகு மறந்தே போனேன். அவ்வளவு அவசரமாக எங்கே போனேன் தெரியுமா? நம் சபைக்கு. என் வேலைக்காக உபவாச ஜெபம் பண்ண.

நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்று அவளே என்னைக் கேட்டாள். தலைவலி என்றேன். அவள் பையிலிருந்து தைலம் எடுத்துக் கொடுத்தாள்.

மூன்று நாள் சும்மா இருந்தேன். கர்த்தரிடம் பேரம் பேசினேன். "அவளுக்கு இதைவிட நல்ல வேலையாகக் கொடும்" என்று கேட்டேன். கம்ப்யூட்டர் பண்ணின தப்புக்கு நான் என்ன செய்வேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். முழங்காலில் நின்றால் ஸ்டெல்லா அக்காவின் முகம் வரும், அடுத்து நூர்ஜஹானின் முகம் வரும். இரண்டு பிள்ளைகளுக்குக் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணம் வரும். பயம், பயம், பயம். வியாழக்கிழமை காலை ஜெபத்தில் நான் வேறு எதுவும் கேட்கவில்லை. "எனக்குப் பயமாக இருக்கிறது, என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போம்" என்றேன். எப்படிப் போனேன் என்று தெரியாது, மேனேஜர் மேசை முன்னால் நின்றேன். எல்லாம் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இத திருத்தினா நீ கோட்டுக்குக் கீழ போயிடுவ. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அவசரப்படாத. யோசிச்சுட்டு சாயந்தரம் வா."

"யோசிச்சா வர மாட்டேன் சார். இப்பவே திருத்திடுங்க."

திருத்தினார். மாதக் கடைசி வரை நான் வேலைக்கு வரலாம் என்றார்.

வீட்டில் சொன்னதும் டேவிட் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "இன்னாமே நீ? கர்த்தர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கினத நீயே போயி திருப்பிக் குட்த்துட்டு வந்துகிற? வூட்ல நாலு வயிறு கீதே, அத்த நெனச்சியா?" அவர் கேட்டதில் என்ன தப்பு? ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

நூர்ஜஹானிடமும் நானே சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று மனசின் ஒரு ஓரத்தில் நினைத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "மூணு நாளா தெரிஞ்சிகினே எங்கூட வந்துகினு இருந்தியா?" அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வேறு பெட்டியில் ஏறினாள். பக்கத்து இடம் காலியாகவே வரும். அந்த ஒரு வாரம் போல என் வாழ்க்கையில் ஒரு வாரம் இருந்ததில்லை. வேலையும் போய்விட்டது, வீட்டில் பேச்சும் இல்லை, தோழியும் இல்லை. உண்மையைச் சொன்னால் உடனே சமாதானம் வரும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வரவில்லை. "எதற்காக என்னைச் சொல்ல வைத்தீர்?" என்று கர்த்தரிடமே கோபித்துக்கொண்டேன்.

எட்டாவது நாள் வண்ணாரப்பேட்டையில் அவள் என் பெட்டியில் ஏறினாள். நான் அவசரமாகப் பையை எடுத்தேன். உட்கார்ந்ததும் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"கோவம் இன்னும் போவல. அது வேற. இப்ப நான் சொல்றத கேளு. பத்து பேரும் ஆளுக்கு மாசம் ரெண்டு நாளு டூட்டிய வுட்டா, இருபது நாளு வருது. அந்த நாளு சம்பளமும் வாணாம்னு எழுதிக் குட்த்துடுவோம். அந்த இருபது நாளு நீ வா. கம்பெனிக்கு ஒரு காசு கூட ஜாஸ்தி ஆவாது. மத்தவங்கள நான் கேட்டுக்கறேன். சார்ட்டு போடத் தெரிஞ்சவ நீதான? போட்டுக் காமி."

எனக்கு அழுகை வந்தது. "அழுவறத அப்பால வச்சிக்க. மொதல்ல பேப்பர எடு" என்றாள். விமான நிலையம் வருவதற்குள் மடியில் வைத்துப் போட்டு முடித்தேன்.

அவளே ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். எட்டு பேர் இரண்டு நாள் கொடுத்தார்கள், அவளும் கொடுத்தாள். செல்வம் மட்டும் தலையைச் சொறிந்தான். அவன் மனைவிக்கு இது ஏழாவது மாதம். "ஒரு நாளுதாங்கா என்னால முடியும், கோச்சிக்காத" என்றான். அதற்கே நன்றியில் அவன் காலில் விழாத குறைதான் நான். பத்தொன்பது நாள் சேர்ந்தது. மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். பதில் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு மட்டும் அனுமதி என்று வந்தது.

நான் மேலே பார்த்து ஜெபித்துக்கொண்டிருந்தேன், உதவி பக்கத்துப் பெட்டியில் கோபமாக உட்கார்ந்திருந்தது. கர்த்தர் அந்தக் கோபத்தின் நடுவிலிருந்தே அதை எழுப்பி அனுப்பினார் என்று விசுவாசிக்கிறேன். டேவிட்டிடமும் சொன்னேன். "அந்தப் பொண்ண ஒரு நாளு வூட்டுக்கு சாப்டக் கூப்டு" என்றார்.

இன்னும் ஒன்று சொல்லாவிட்டால் இந்தச் சாட்சியும் பொய்யாகிவிடும். எங்களில் ஏழு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கொடுங்கையூர் முருகன் பன்னிரண்டு வருஷம் மூட்டை தூக்கினவர், அவரும் அவருடைய கோயிலில் வேண்டிக்கொண்டுதான் இருந்தார். எனக்குக் கிடைத்தது அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? பதில் தெரியாது. தெரிந்ததுபோல் இனிமேல் மைக்கில் பேசவும் மாட்டேன். எங்கேயாவது ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் முதலில் முருகனுக்குத்தான் போன் செய்கிறேன். நீங்களும் கேள்விப்பட்டால் என்னிடம் சொல்லுங்கள்.

வேலை நடுங்கிக்கொண்டிருக்கிற வீடுகள் நம் சபையில் நிறைய இருக்கின்றன. ஸ்டெல்லா அக்கா வீடும் அதில் ஒன்று. கர்த்தரிடம் தைரியமாகக் கேளுங்கள், அவர் கேட்கிறவர்தான். ஆனால் என்னைப் போல் ஒற்றைப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். உங்களோடு நிற்கிறவர்களையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த மாதம் அந்த மூன்று மாதம் முடிகிறது. மறுபடி ஒரு பட்டியல் வரும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நேற்று மெட்ரோவில் நூர்ஜஹான், தினமும் துஆவில் என் பெயரைச் சொல்வதாகச் சொன்னாள். "எப்டியும் நீ எனக்குத்தான கேப்ப, அப்ப ஒனக்கு யாரு கேக்கறது?" என்றாள்.