நாய்க்கு நல்ல தண்ணீர்

எங்கள் நாய் தண்ணீர் குடிக்கப் போய்த்தான் சாகப் பார்த்தது. சோளகக் காற்று மண்ணை அள்ளி எறியும் மாதங்களில் மன்னார்த் தீவில் எல்லாம் காய்ந்துபோகும். தேனீக்களும் தண்ணீர் தேடி வளவுக்குள் வரும். ஒரு நாள் நாய் சட்டியில் வாய் வைத்தபோது அதன் நாக்கிலேயே ஒன்று கொட்டிவிட்டது. சற்று நேரத்தில் முகம் வீங்கி, கண் மூடி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. மடியில் போட்டுக்கொண்டு ஓட்டோவில் டவுனுக்கு ஓடினேன். மிருக வைத்தியர் ஊசி போட்டுக் காப்பாற்றினார்.

"இதுக்குத் தேனீ விஷம் ஒத்துக்கொள்ளாது அம்மா. இன்னொருக்கா குத்தினால் இஞ்ச கொண்டுவர நேரம் இராது."

பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். மனுசன் கடலுக்குப் போனால், நான் வாய் திறந்து பேச அந்த நாயை விட்டால் ஆளில்லை. இன்னொரு முறை கொட்ட விடுவதில்லை என்று திரும்பி வரும் ஓட்டோவிலேயே முடிவெடுத்தேன். வந்ததும் நாயைக் கட்டிப்போட்டேன்.

மனுசன் விஷயத்தைக் கேட்டதும் பக்கத்து ஆளில்லாத வீட்டுச் சுவர்ப் பொந்தில் இருந்த கூட்டைக் கொளுத்தப் புறப்பட்டார்.

"அதுகளைக் கிளப்பிவிட்டால் கட்டிக் கிடக்கிற நாயைத்தான் முதல்ல குத்தும். பேசாமல் இருங்கோ" என்று மறித்தேன்.

சட்டியை இடம் மாற்றினேன். தேனீக்களும் பின்னால் வந்தன. தும்புத்தடியால் துரத்தினேன், விளையாட்டு என்று நினைத்து நாய் அதுகளைக் கவ்வப் பாய்ந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியில், பொழுதுபட்டுத் தேனீ அடங்கிய பிறகு மட்டும் அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் வைத்தேன். பகலெல்லாம் அது நாக்குத் தொங்கக் கிடந்தது.

எங்கள் பக்கம் குடிக்கும் நல்ல தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். கிணற்றுத் தண்ணீர் உவர். அது குளிக்க, கழுவ, நாய்க்கு வைக்க. நாய்க்கு யாராவது நல்ல தண்ணீர் வைப்பார்களா? நானும் வைத்ததில்லை. ஒரு பகல், பிளாஸ்டிக் கானைச் சரிக்கும்போது நல்ல தண்ணீர் படியில் சிந்தியது. ஒரு தேனீயும் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு முழம் தள்ளி, கிணற்று வாளி ஒழுகிய ஈரத்தில் கூட்டமாக மொய்த்தன. அந்த உவருக்குத்தான் அலைகின்றன என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் நாயின் வாய்க்கு நேரே அதுகளுக்கு விருந்து வைத்தவள் நானேதான். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அன்றே பின்வேலி ஓரம் ஒரு பழைய பேசினில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, தேனீ உட்கார்ந்து குடிக்கச் சாக்கையும் நனைத்துப் போட்டேன். நாய்ச் சட்டியைத் தேய்த்துக் கழுவி நல்ல தண்ணீர் வைத்தேன்.

"நாய்க்கு நல்ல தண்ணியோ? நாங்களே பாத்துப் பாத்துக் குடிக்கிறம். ஊர் சிரிக்கும்" என்றார் மனுசன்.

"சிரிக்கட்டும். என்ர பின்னேரத் தேத்தண்ணியை விடுறன். அந்தத் தண்ணி அதுக்கு."

தேத்தண்ணீர் இல்லாமல் மண்டை இடித்தது. ஆனாலும் விடவில்லை. சாக்குக் காயக் காய நனைத்தேன். மெல்ல மெல்லத் தேனீக்கள் வேலிப் பக்கமே போகப் பழகின. கயிற்றை அவிழ்த்தேன்.

பிறகு ஒரு கிழமை பவுசர் வரவில்லை. கானில் அடித்தண்ணீர்தான் மிச்சம். ஞாயிறு பூசை முடிந்து படலையைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மனுசன் நாய்ச் சட்டியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தார். விளிம்பு முழுக்கத் தேனீ. நாய் எழும்பிச் சட்டியை நோக்கி நடந்தது. கத்தினேன், காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஓடினேன், மணலில் கால் புதைந்தது.

நாய் சட்டிக்கு எட்டவே நின்று மூக்கை நீட்டி மணந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நேரே போய் நல்ல தண்ணீர்க் கானுக்குப் பக்கத்தில் குந்தியது.

மனுசன் நாயைப் பார்த்தார். மூச்சிரைக்க நின்ற என்னைப் பார்த்தார். கடலுக்குக் கொண்டுபோக நிரப்பி வைத்திருந்த தன்னுடைய போத்தலை எடுத்து, ஒரு கோப்பையில் ஊற்றி நாய்க்கு முன்னால் வைத்தார்.

அன்று பின்னேரம் அவரும் தேத்தண்ணீர் கேட்கவில்லை.