காத்திராத மா

எனக்குக் கோபம் வந்தால் ஆளோடு பேச மாட்டேன், சுவரோடு பேசுவேன். என் தங்கை காய்ச்சலோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கியபோது, நான் அவளோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருடமாகியிருந்தது. கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய்ப் பாயில் கிடத்தினேன். போர்த்திவிட்டேன். "வீட்டுக்கு வழி இப்பதான் தெரிஞ்சிருக்குப் போல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

அம்மா செத்தபிறகு அவளை வளர்த்தவள் நான். பேசாலையில் சொந்த வள்ளம் வைத்திருந்த நல்ல குடும்பத்தில் அவளுக்குக் கலியாணம் பேசினேன். வேண்டாம் என்றாள். அதோடு நிற்காமல் மன்னார் டவுனில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போய்விட்டாள். எங்கள் ஊர் பள்ளிமுனையிலிருந்து அது நடந்து போகிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். நான் செபப்புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். எழுத்துக்கூட்டிப் படிக்கவே எனக்குப் பாதிதான் தெரியும், அது வேறு கதை.

துரை வீட்டார் மாற்றலாகி மலைநாட்டுக்குப் போன கிழமையில்தான் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வந்து காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்தார். கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. கஞ்சியும் நிற்கவில்லை. கெட்டியாக ஏதாவது வயிற்றில் தங்கினால் மருந்து தங்கும், மருந்து தங்கினால் பிள்ளை தப்பும், அதற்கு மேல் தன் கையில் ஒன்றும் இல்லை என்று என் புருஷனிடம் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கைகால் ஓடவில்லை. கோபம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்று மத்தியானம் அவளே வாய் திறந்தாள். துரைசானி வீட்டில் செய்கிற பூசணிக்காய்ப் பாண், அந்த வெள்ளைக்கார ரொட்டி என்றால் தின்னலாம் போல இருக்கிறதாம். என்னிடம் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு மாமியிடம் சொன்னாள். என்னென்ன போட வேண்டும் என்று நானும் அவளிடம் கேட்கவில்லை. மாமி கேட்டு வந்து எனக்குச் சொன்னா. துருவிய பூசணிக்காய், நன்றாகக் கனிந்த வாழைப்பழம், கோதுமை மா, முட்டை, பனங்கட்டி, கறுவா, ஏலம், கராம்பு, புளித்த மோர், அப்பச்சோடா. மூன்றடி தூரத்தில் அவள் கிடந்தாள்.

நாங்கள் அறிந்த பாண் கள்ளு விட்டுப் புளிக்க வைக்கிற பாண். அந்தியில் பிசைந்து, துணியால் மூடி, விடியப் பார்த்தால் சட்டி நிறையப் பொங்கி நிற்கும். இதுவும் அப்படித்தானே என்று நினைத்தேன். அதைவிட வேறு மாதிரி ஒரு மா இருக்கும் என்று எங்கள் கரையில் யார் நினைத்தது? எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அடுப்பங்கரையில் இளஞ்சூட்டில் மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். விடியப் பார்த்தேன். பொங்கவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று வெயில் ஏறும்வரை விட்டேன். பிறகு பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, அதற்குள் மாச்சட்டியை இறக்கி, அடியிலும் மூடியிலும் சிரட்டைத் தணல் போட்டு வேக வைத்தேன். வெந்து வந்தது பாணா, பலகையா என்று எனக்கே ஐமிச்சம்.

அதை வெட்டுவதற்குள் கத்தி வளைந்தது. ஒரு துண்டை அவள் முன்னால் வைத்தேன். மென்று பார்த்தாள், முடியவில்லை. தேத்தண்ணீரில் நனைத்து இரண்டு வாய் தின்றாள். அதுவும் வெளியே வந்துவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "எவ்வளவு நேரம் ஊற வச்சனீங்கள், அக்கா?"

"ராவு முழுக்க" என்றேன் சுவரிடம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் பலமில்லை. "கள்ளு மா காத்திருக்கும். இது காத்திராது அக்கா. மோரில சோடா பட்டு நுரைக்கேக்கையே அடுப்பில ஏத்திப்போட வேணும். இடையில மூடியைத் திறந்தால் அமுங்கிப் போடும்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என் வெட்கமும் கோபமாகத்தான் வெளியே வரும். முதலே சொன்னால் என்ன கேடு என்று அடுப்போடு சண்டை பிடித்தேன். சொல்ல விட்டேனா நான்? முட்டை முடிந்துவிட்டது. அடுத்த நாள் விடிய என் புருஷன் கடலுக்குப் போகாமல் முட்டைக்கு அலைந்து, மூர்வீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் இரண்டு முட்டையும் கொஞ்சம் முந்திரிகை வத்தலும் வாங்கி வந்தார். அதற்குள் அவளுக்கு நடுக்கம் மூன்று தரம் வந்து போயிருந்தது. கண் உள்ளுக்குப் போயிருந்தது.

இந்த முறை தணலை முதலே தயாராக வைத்தேன். மோரில் சோடாவைப் போட்டதும் நுரை சீறிக்கொண்டு எழும்பியது. ஓட்டமாக ஓடி, கலந்து, சட்டியை மணலில் இறக்கி, மூடித் தணலைக் கொட்டினேன். கை சுட்டதும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கறுவாவும் வாழைப்பழமும் சேர்ந்த வாசம் முற்றமெல்லாம் வந்தது. உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"பொங்கியிட்டுதோ, அக்கா?"

நான் மூடியின் மேல் இன்னும் கொஞ்சம் தணல் அள்ளிப் போட்டேன். மறுபடி கேட்டாள். மூன்றாம் தரமும் கேட்டாள். திறந்து பார்க்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. "சில பேருக்கு வாயை மூடிக்கொண்டு கிடக்கத் தெரியாது" என்று சட்டி மூடியைப் பார்த்துக் கத்தினேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

மாமி என்னைக் கூப்பிட்டபோது, தணலை ஒருக்கால் கிளறிவிட்டுத்தான் போனேன். போனபோது மாமி அவளுடைய கண்ணைக் கையால் மூடிவிட்டுக்கொண்டிருந்தா. என் புருஷன் சுவாமியாரைக் கூட்டிவர ஓடினார். நான் அப்படியே நின்றேன்.

சா வீட்டில் அடக்கம் முடியும்வரை நெருப்பு இருக்கக் கூடாது, அது எங்கள் வழக்கம். மாமி வாளியோடு முற்றத்துக்குப் போனா. தண்ணீர் விழுந்து தணல் இரைகிற சத்தம் கேட்டதும்தான் எனக்கு உணர்வு வந்தது. வெளியே ஓடினேன். மூடியின் மேல் ஈரச் சாம்பல் அப்பிக் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன்.

பொங்கியிருந்தது. சட்டி விளிம்புக்கு மேல் எழும்பி, நடுவில் வெடித்து, வெடிப்புக்குள் மா இன்னும் ஈரமாக இருந்தது. இன்னும் அரைமணி நேரம் நெருப்பு இருந்தால் போதும். அதை நான் கேட்க முடியுமா?

உள்ளே போனேன். முகத்துக்கு நேரே குனிந்தேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவளோடு நேரே பேசினேன். "ஓம், பொங்கியிட்டுது" என்றேன். கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் சொன்னேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, மாமி என் தோளைப் பிடித்து இழுத்து அப்பால் கொண்டுபோனா.