கசிவு மின்னோட்டம்

திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நானும் என் தோழியும் ஒரே பேராசிரியரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தோம். கதிர்வீச்சைக் கண்டறியும் சிலிக்கான் சில்லுகளைச் சோதிப்பதுதான் வேலை. நகமளவு சில்லை வெளிச்சம் புகாத பெட்டிக்குள் வைத்து, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று பார்க்க வேண்டும். கசிவு அதிகமானால் சில்லு வீண்.

எங்களிடம் இருந்தவை நான்கே சில்லுகள். வெளியூரில் உள்ள துகள் முடுக்கி நிலையத்தில், அவற்றின் மேல் அயனிக் கற்றையைப் பாய்ச்சிப் பார்க்க மூன்று நாள் கொடுத்திருந்தார்கள். அவள் போவதாக இருந்தது. உழைப்பில் பெரும்பகுதி அவளுடையது.

அதற்கு முந்தைய வாரம், ஒரு சாயங்காலம், அவள் திருவெறும்பூருக்குக் கிளம்பிய பிறகு நான் ஒரு சில்லை வைத்தேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். உச்சத்தில் நின்ற மின்னழுத்தக் குமிழை இறக்காமலே சுவிட்சைப் போட்டுவிட்டேன். மீட்டரில் எண்கள் எகிறின. அணைத்துவிட்டு, பெட்டியை மூடி வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் அவள் சோதித்தபோது அந்தச் சில்லு கெட்டுப்போனது தெரிந்துவிட்டது. அவளே போய்ப் பேராசிரியரிடம் சொன்னாள்.

"சார், ஒண்ணு போயிடுச்சு சார்."

"நேத்து நல்லா இருந்துச்சேம்மா. யாரு கடைசியா போட்டது?"

"நான்தான் சார், இப்பதான் போட்டேன். போட்டதுமே இப்படிக் காட்டுது."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கெடுத்தது அவள்தான் என்று எண்ணி, முடுக்கி நிலையத்துக்கு அவளுக்குப் பதிலாக என்னை அனுப்பினார்.

அங்கே முதல் நாளே அயனி மூலக் கருவி நின்றுபோனது. வாயுவை மின்னேற்றிக் கற்றைக்குக் கொடுக்கும் பகுதி அது. திறந்து, எரிந்துபோன இழையை மாற்றி, மறுபடி காற்றை முழுதும் உறிஞ்சி எடுக்க வேண்டும் என்றார் பொறியாளர். மூன்றாம் நாள் மாலை கற்றை வந்தபோது எங்கள் நேரம் முடிந்திருந்தது. அடுத்த குழு கதவருகே நின்றது. ஓர் அயனிகூடப் படாத மூன்று சில்லுகளோடு ரயிலேறினேன்.

அந்த வருடமே அவள் ஆய்வை விட்டுவிட்டு ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் வேறு தலைப்பில் பட்டம் வாங்கினேன்.

போன மாதம் சத்திரம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். கையில் விடைத்தாள் கட்டு. நலம் விசாரித்து முடிந்ததும் சொல்லிவிட்டேன்.

"அந்த சில்லை நான்தான் கெடுத்தேன்."

"தெரியும்."

"எப்படி?"

"முந்தின நாள் நான் கிளம்புறப்ப நல்லாத்தானே இருந்துச்சு. அதுக்கப்புறம் அங்க இருந்தது நீ மட்டும்தான்."

"அப்பவே சார்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீயே சொல்லுவேன்னு நினைச்சேன். ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் அங்க வரவே பிடிக்கலை."

கோபம் இல்லை அவள் குரலில். துவாக்குடி பஸ் வந்தது. "வரேன்" என்று ஏறிக்கொண்டாள். என் போன் நம்பரை அவள் கேட்கவில்லை. கொடுக்க எனக்கும் துணிவு வரவில்லை.