மலை வலப்பக்கம் இருக்கணும்

திருவண்ணாமலையில் வழி தவறிப் போவதற்குத் தனித் திறமை வேண்டும். மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் போதும், பதினாலு கிலோமீட்டர் கழித்துக் கிளம்பிய இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடும். அப்படிப்பட்ட ஊரில் தொலைந்து போகும் திறமை எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு இருந்தது. ஒருவர் மாமா, அம்மாவின் தம்பி. இன்னொருத்தி, ஒன்பது வயதில் நான்.

மாமா கல்லூரியில் கணக்கு படித்தவர். மூன்றாம் வருடத்தில் அவர் காதுக்குள் யாரோ பேசத் தொடங்கினார்கள். டாக்டரிடம் கூட்டிப்போனார்கள், மாத்திரை கொடுத்தார்கள், பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். குணமாகிவிட்டது என்று வீடு முடிவு செய்தது. ஆனால் சர்க்கரை, வெங்காயம், தீப்பெட்டி வாங்கிவரச் சொன்னால் தீப்பெட்டியோடு மட்டும் வந்து நிற்பார். ஒன்று கேட்டால், பதில் வருவதற்குள் கேட்டவர் சாப்பிட்டுக் கைகழுவிவிடலாம். கணக்கில் முதல் மார்க் வாங்கியவனுக்கு மூணு சாமான் ஞாபகம் நிற்காதா என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலையும் அவரே தயாராக வைத்திருந்தார்: நடிக்கிறான்.

வெளியூரில் ஒரு காப்பகம் இருப்பதாகவும் அங்கே விட்டுவிடலாம் என்றும் அப்பா சொல்ல ஆரம்பித்தார். ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று அம்மா கெஞ்சினாள். அந்தப் பொறுப்பு நான். என்னைக் கூட்டிக்கொண்டு கிரிவலம் போய் ஒழுங்காகத் திரும்பி வந்தால் மாமா வீட்டோடு இருக்கலாம். இல்லாவிட்டால் காப்பகம்.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் அம்மா அவருக்கு ஒருமுறைக்கு மூன்றுமுறை சொன்னாள்: “மலை வலதுபக்கம் இருக்கணும். பாதியில திரும்பி வந்துடாத. பாப்பா கைய வுடாத.”

மாமா தலையாட்டினார். செருப்பில்லாமல் கிளம்பினோம்.

எனக்கு அந்த வயதில் துப்பறியும் ஆசை இருந்தது. பெரியவர்கள் யாராலும் கண்டுபிடிக்க முடியாத மாமாவின் நடிப்பை நான் கண்டுபிடித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். பாதையோரத்து எமலிங்கக் கோயிலைத் தாண்டியதும் கூட்டமாகச் சிலர் எதிர்ப்பட்டார்கள். கையை உருவிக்கொண்டு ஓர் இளநீர் வண்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். பதறி, என் பெயரைக் கத்திக்கொண்டு ஓடி வருவார். குட்டு உடைந்துவிடும். திட்டத்தில் ஓட்டையே இல்லை.

மாமா இருபதடி போய்விட்டு நின்றார். தன் காலிக் கையைப் பார்த்தார். கழுத்தை மட்டும் திருப்பினார், உடம்பு முன்பக்கமே பார்த்திருந்தது. உதடு அசைந்தது. வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டு, வேகமாக முன்னால் நடந்து போய்விட்டார்.

கூப்பிட்டிருக்கலாம். துப்பறிபவள் கூப்பிடுவாளா என்ற கௌரவத்தில் இருந்துவிட்டேன். பிறகு கௌரவம் போய் அழுகை வந்தது. இளநீர்க்கார அம்மா, என் வீடு எங்கே என்று விசாரித்து, தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரோடு அனுப்பிவைத்தார். வீட்டில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, “மாமாதான் கைய வுட்டுட்டுப் போயிட்டாரு” என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது!

அப்பா பஸ் ஸ்டாண்டில் தேடினார். ரயில்வே ஸ்டேஷனில் தேடினார். கிரிவலப் பாதையில் மட்டும் தேடவில்லை. மலை சுற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும், அங்கே இருந்தால் இதற்குள் வந்திருக்க மாட்டானா? மத்தியானம் தெரிந்தவர் யாரோ சொல்லி, மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலையில் அப்பா அவரைக் கண்டுபிடித்து ஸ்கூட்டரில் ஏற்றிவந்தார். மாமா படியில் உட்கார்ந்து காலை நீட்டினார். அம்மாவின் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. இரண்டு பாதத்திலும் தோல் இல்லை. சித்திரை வெயிலில், தார் ரோட்டில் அவர் இரண்டாவது சுற்றில் இருந்திருக்கிறார்.

ஏன் என்று அப்பா கேட்டார். வழக்கமான நேரத்தை எடுத்துக்கொண்டு மாமா சொன்னார்: “பாப்பா பின்னாடி தங்கிட்டா. திரும்பக் கூடாது இல்ல. சுத்தி வந்து புடிச்சிக்கலாம்னு.”

இருபதடி பின்னால் இருந்த என்னைப் பிடிக்கப் பதினாலு கிலோமீட்டர். அங்கே நான் இல்லாததால் மறுபடியும்.

“எகத்தாளத்த பாத்தியா?” என்றார் அப்பா, அம்மாவிடம்.

கட்டு ஈரம் காய்வதற்குள் மாமா காப்பகத்துக்குப் போனார். வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்தார். நான் ஒளிந்ததை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எவ்வளவு பெரிய நடிகர் என்று வியந்தேன்.

அப்பா காலமான பின் மாமாவை வீட்டுக்கு அழைத்துவந்தேன். போன மாதம் புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். என் மகள் வயதுதான் இருக்கும். சீட்டுகளை நிறம் பார்த்து அடுக்கச் சொன்னாள், மாமா அழகாக அடுக்கினார். இனி வடிவம் பார்த்து அடுக்குங்க என்றாள். மாமா நிறம் பார்த்தே அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளங்கால் கூசியது.

குரல் கேட்பது வேறு, இந்த மறதியும் மாற முடியாமையும் வேறு என்றாள். அதற்கு மாத்திரை வேலை செய்யும், இதற்குப் பெரும்பாலும் செய்யாது. வளரும் வயதில் மூளை தனக்கு வேண்டாத இணைப்புகளைத் தானே கத்தரித்துக்கொள்ளுமாம். இந்த நோய் வந்தவர்களுக்கு அது அளவுக்கு மீறிப் போய்விடுகிறது என்று கருதுகிறார்கள். நெற்றிக்குப் பின்னால் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தாளம் தப்புகின்றன. மூன்று விஷயத்தைச் சேர்த்துப் பிடித்துவைப்பதும், பிடித்த ஒன்றை விட்டு வேறொன்றுக்கு மாறுவதும் அந்த இடத்து வேலை. முழுக்கத் தெரியவில்லை, ஆராய்ச்சி நடக்கிறது என்று முடித்தாள். அவ்வளவுதான். ஐந்து நிமிடம். உலகத்தில் உள்ளதையெல்லாம் படித்துக் கருத்துச் சொல்லும் நான், இந்த ஐந்து நிமிடத்தை இத்தனை வருடமாக யாரிடமும் கேட்டதில்லை.

திரும்பும் ஆட்டோ செங்கம் ரோட்டில் எமலிங்கத்தைக் கடந்தது. மாமா வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்: “அன்னிக்கி உன் கைய எந்த எடத்துல வுட்டேன் பாப்பா? நானும் யோசிச்சிப் பாக்கறேன், வரமாட்டேங்குது.”

என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினார் என்றே ஒன்பது வயதில் நினைத்திருந்தேன். கையை விட்டது தான்தான் என்று நம்பிக்கொண்டு அவர் காப்பகத்துக்குப் போனார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.