பிரின்சிபால் அம்மா நிறுத்தி வைத்த விதி

எங்கள் பிரின்சிபால் அம்மாவின் மேஜைக்கு எதிரே மாணவிகளுக்கென்றே ஒரு பிரம்பு நாற்காலி கிடக்கும். அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் மாணவியை உட்காரவைத்துப் பேசிய பிரின்சிபால் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. "நின்னுக்கிட்டே பேசுனா கெஞ்சுற மாதிரி இருக்கும். உக்காரு, அப்புறம் பேசு" என்பார். வெளியுறவுத் துறை அதிகாரியாகப் பல நாடுகளில் இருக்கும் நம் தூதரகங்களில் வேலை பார்த்தவர். ஆனால் பேச்சு மட்டும் அசல் சிவகங்கைப் பேச்சு.

அந்த வேலையை அவர் விட்ட கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதில் இருக்கும் பெண் கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று அன்றைக்கு ஒரு விதி. இப்போது சொன்னால் என் மகள் நம்ப மறுக்கிறாள். அம்மா கல்யாணம் செய்துகொண்டார், அரசாங்கமும் ராஜினாமா செய்யச் சொல்லிவிட்டது.

இரண்டாம் வருட விடுமுறையில் எனக்கு நிக்காஹ் நடந்தது. பட்டம் வாங்கிவிட்டு வா என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்காரர் மலேசியாவுக்குத் திரும்பினார். என்னைப் பெற்ற அத்தாவுக்கும் சம்மதம். மறுத்தது கல்லூரிக் கமிட்டிதான். கல்யாணமான பெண்ணைப் படிக்கவைப்பதில்லை என்று அவர்களிடமும் ஒரு விதி இருந்தது. மிச்சம் இருந்ததோ ஒரே வருடம். அழுதழுது என் முகமே வீங்கிப்போனது.

கமிட்டி கூடிய அன்று அம்மா என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். கமிட்டித் தலைவர் பர்மாவில் வியாபாரம் செய்து திரும்பிய செட்டியார். நல்ல மனிதர், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கல்யாணமான புள்ள கூட இருந்தா மத்த புள்ளைகளுக்குப் படிப்பு மேல இருக்குற நெனப்பு போயிருமுல்ல" என்றார்.

அம்மா எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். "அப்ப நானும் கெளம்ப வேண்டியதுதான். எனக்கும் கல்யாணம் ஆயிருச்சே. இதுக்குன்னே ஒரு வேலைய விட்டாச்சு. இதையும் விடச் சொல்றீகளா?"

தலைவருக்கு வேர்த்துவிட்டது. படுத்துக்கிடந்த கல்லூரியைத் தூக்கி நிறுத்தியவரை எந்த வாயால் போகச் சொல்வார்? அம்மா அவரை அதிக நேரம் தவிக்கவிடவில்லை. மறுபடி உட்கார்ந்து, ரொம்ப மரியாதையாக, "விதிய யாரு மாத்தச் சொன்னா? அது பாட்டுக்கு இருக்கட்டும். இந்த ஒரு வருசத்துக்கு மட்டும் நிறுத்தி வைப்போமே" என்றார். தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. தானே ஜெயித்ததுபோல் கையெழுத்துப் போட்டார். எனக்கோ அத்தனை பேர் முன்னால் அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கப் போன அன்று, அம்மாவின் அறையில் அதே தலைவர் உட்கார்ந்திருந்தார். கூடவே புதுத் தாலியோடு அவருடைய இளைய மருமகள். அவர் குரலைத் தாழ்த்தி, "அந்த விதிய இன்னும் நிறுத்தித்தானே வச்சிருக்கீக?" என்று கேட்டார்.

அம்மா சிரிக்கவே இல்லை. கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, "நீங்க சொன்னீகன்னா இன்னும் ஒரு வருசத்துக்கு நீட்டிரலாம்" என்றார்.