பன்னிரண்டு வீட்டுக் காபி

திங்கட்கிழமை காலை சென்னை சென்ட்ரலில் ஏறி, பிற்பகல் பெங்களூர் கண்டோன்மெண்டில் இறங்கினேன். இருநூற்றுச் சொச்சம் மைல். பெட்டியில் துணியைவிட அச்சடித்த படிவங்களே அதிகம். ஓர் ஊர் வளர்கிறதா தேய்கிறதா என்றறிய, வீடுகளில் வாரத்துக்கு எவ்வளவு சோப்பும் தீப்பெட்டியும் காபித்தூளும் தீர்கிறதென்று பார்த்தால் போதும் என்பார் எங்கள் பேராசிரியர். எனக்கு அது வேதவாக்கு.

மர்பி டவுனுக்கு ஜட்கா பன்னிரண்டு அணா. விஷயத்தைக் கேட்டு வண்டிக்கார பாய் சிரித்தார். “சோப்பு எண்றதுக்கா மெட்ராஸ்லருந்து வந்தீங்கோ? எங்க வூட்டுக்கு வாங்கோ சாமி, சீக்கிரம் முடிஞ்சிடும்.”

நான் பார்க்க வேண்டிய பன்னிரண்டு வீடுகளும் ஒரே மில்லின் தொழிலாளர் வீடுகள். மில் ஒரு டிப்போ நடத்தியது. அங்கே அரிசியும் எண்ணெயும் கடை விலையில் முக்கால்தான். குடும்பங்களின் கையில் காசு புழங்கினால் டிப்போவை மூடிவிடலாமென்பது நிர்வாகத்தின் எண்ணம். முடிவு என் கணக்கில் இருந்தது.

செவ்வாய் காலை ஒன்பது மணி. முதல் வீடு கன்னியம்மாளுடையது. கணவன் முனுசாமி மில்லில், மூன்று பிள்ளைகள்.

“குந்துங்க சார்” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். “டிப்போவை மூடிடுவாங்களாமே?”

“உள்ளதைச் சொல்லுங்கள், போதும்.”

“பொய் பேசி எனக்குப் பழக்கமில்ல சார்.”

காபி வந்தது. நேற்றிலிருந்து வாங்கியவை என்னவென்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள்: காபித்தூள் ஓரணா, சர்க்கரை ஒன்றரையணா, பால் ஓரணா. பிள்ளைகளின் முகத்தில் சோப்பு வாசனை. அதையும் கேட்டு எழுதினேன். மற்றப் பதினொரு வீடுகளிலும் காபி. சனிக்கிழமை வரை தினமும் இதே கதை. வயிறு புளித்தது, மனம் குதித்தது. சனி மாலை, “இப்பகுதியில் வாங்கும் சக்தி ஓங்கி வருகிறது” என்று ஒரு வரியும் சேர்த்து, கூட்டுத்தொகையை மில் ஆபீசில் கொடுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், விடைபெறப் போனேன். முனுசாமி வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

“இன்னா சார், ஞாயித்துக்கெழமைகூட கணக்கா? இன்னிக்கு காபித்தூளு வாங்கலியே.”

“தினமும் வாங்குவீர்களே?”

கன்னியம்மாள் முந்திக்கொண்டாள். “நீங்க வரீங்கன்னு வாங்கினது சார். எங்களுக்கு ஏது காபி? தீவாளிக்குக் குடிச்சா உண்டு.”

“சோப்பு?”

“மெட்ராஸ் சார் முன்னாடி பசங்கள அழுக்கு மூஞ்சியோட நிறுத்தறதா?”

“இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?”

“காபியைக் கையில குடுத்துட்டு, இது உனக்காக வாங்கினதுன்னு எந்த வாயால சொல்றது?”

மற்ற வீடுகளிலும் கேட்டேன். அதே பதில்தான்.

திங்கள் பத்து மணிக்கு மில் ஆபீஸ். நடந்ததைச் சொன்னேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“வாங்கினார்களா, இல்லையா?”

“வாங்கினார்கள். ஆனால்...”

“நீங்கள் பொய் எழுதினீர்களா?”

“இல்லை சார்.”

“பிறகென்ன?”

என் வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார். பக்கத்து மேசையில் டிப்போ மூடும் நோட்டீஸ் டைப்பாகிக்கொண்டிருந்தது. இந்த மாதக் கடைசிவரைதான்.

பெட்டியை எடுத்துக்கொண்டு கன்னியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போகலாமென்று போனேன். வாசலிலேயே கேட்டாள். “டிப்போ இருக்குமில்ல சார்?” நான் வாய் திறப்பதற்குள் கையில் டம்ளரைத் திணித்துவிட்டாள். ஓரணா, ஒன்றரையணா, ஓரணா. குடித்தேன். மாதக் கடைசியோடு சரி என்றேன். அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ரயிலில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் யாரும் கடைக்குப் போவதில்லை. அம்மா அலமாரியைத் திறந்து காபித்தூள் டப்பாவை எடுப்பாள். ஐந்து நாளில் அறுபது டம்ளர் குடித்தும், அது எங்கிருந்து வந்ததென்று எனக்குக் கேட்கத் தோன்றாததற்கு அந்த டப்பாதான் காரணம்.