நடுவில் ஒரு வெள்ளைக் கோடு

வலது கைச் சுண்டுவிரல் எண்டர் விசைக்கு ஒரு நூலிழை மேலே நிற்கிறது. இடது கை கணினித் திரையைக் கைக்குட்டையால் துடைக்கிறது. திரையில் ஒட்டிய தூசியைத் தூறல் என்று யாராவது நினைத்துவிடக் கூடாதாம். துடைத்து முடித்த பிறகுதான் விரல் இறங்கும். "ம், கிளம்பு," என்பார், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர் போல.

துறைமுகத்தை ஒட்டிய வானிலை அலுவலகத்தில், வளிமண்டலக் கணினி மாதிரி கணித்துத் தள்ளும் மழை எண்களைப் பைத்தான் நிரல்மொழியில் வரைபடமாக்குவது இந்த அம்மாவின் வேலை. பைத்தானை யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. அது பிழை பிழை என்று திட்டத் திட்டக் கற்றுக்கொண்டார். பிழைச் செய்தியின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கும் என்பதால், எதையும் கீழிருந்து மேலாகப் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. செய்தித்தாள், மருந்துச் சீட்டு எல்லாம் அப்படித்தான். "கோவத்துல நாலு பத்தி எழுதி அனுப்புனேங்க. கடைசில, வரும்போது பால் வாங்கிட்டு வான்னு ஒரு வரி. 'சரி, வாங்கிட்டு வரேன்'னு பதில் போட்டுட்டா," என்று கணவர் இன்றும் புலம்புவார்.

நிறத்தில் மகா கஞ்சம். மென்பொருளை அதன் போக்கில் விட்டால், அன்றைக்கு எது அதிக மழையோ அதற்குச் சிவப்பை அள்ளிப் பூசிவிடும். தூறல்கூட வெள்ளம்போலத் தெரியும். இவர் விடுவதில்லை. "செவப்ப சும்மா சும்மா எறைச்சிட்டா, நெஜமாவே வேணுங்கிறப்போ எங்க போறது?"

அன்று மாலை நாற்காலிக்குப் பின்னால் நின்றவர் இவருடைய தம்பி. எதிர்த் தீவுக்குப் பயணிகள் படகு ஓட்டுகிறவர். கரையில் ஆட்கள் மூட்டை முடிச்சோடு காத்திருந்தார்கள். போகலாமா கூடாதா என்பது அக்காவின் படத்தில் இருந்தது. படகுச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே தம்பி திரையைப் பார்த்தார். கடல் முழுக்கச் சிவப்பு. நடுவில் மட்டும், மேலிருந்து கீழாக, மெல்லிய வெள்ளைக் கோடு. வெள்ளை என்றால் மழை இல்லை.

"அக்கா, நடுவுல வழி இருக்கே. நூல் புடிச்ச மாதிரி போயிடுவேன்."

"அது வழி இல்லடா. என் வேலை பாக்கி."

இந்த மாதிரியின் எண்கள் இதே கடலின் நடுவே ஓடும் ஒரு தீர்க்கரேகையில் புறப்பட்டு, உலகை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கு ஓரடி முன்னால் நின்றுவிடும். கடைசி நெடுவரிசைக்கும் முதல் நெடுவரிசைக்கும் இடையே வரைய எண் கிடையாது. படத்தின் அடியிலுள்ள வெறும் வெள்ளை அப்படியே தெரியும். அந்த இடைவெளி தம்பியின் படகுத் தடத்தில் வந்து விழுந்திருந்தது.

அடுத்த மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "குடுத்து அனுப்புங்க மேடம். இத்துனூண்டு கோடு, யாரு கண்ணுல படப்போகுது?"

"படகு ஓட்டுறவன் கண்ணுல பட்டாச்சே."

முதல் நெடுவரிசையின் மழை எண்களை நகலெடுத்துக் கடைசியில் ஒட்டினார். திரை நிறையப் பிழைச் செய்தி கொட்டியது. கடைசி வரியைப் படித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "மழைய ஒட்டிட்டேன், தீர்க்கரேகைய ஒட்டல."

"நீ ஒட்டி முடிக்கிறதுக்குள்ள மழையே நின்னுடும்க்கா."

"நிக்கட்டுமே. படத்த அழிச்சிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போவேன்."

அந்த எண்கள் எந்த இடத்துக்கு என்று சொல்லும் தீர்க்கரேகையையும் ஒட்டினார். திரையைத் துடைத்தார். "ம், கிளம்பு."

அச்சுப்பொறியிலிருந்து தாள் சூடாக வந்தது. அக்கா நீட்டினார்; ஆனால் தன் பக்கத்து முனையை விடவில்லை. தம்பியின் கட்டைவிரல் வெள்ளைக் கோடு இருந்த இடத்தைத் தேடியது. இக்கரையிலிருந்து அக்கரைவரை ஒரே சிவப்பு. சாவி சுழல்வது நின்றது. அதை மேசைமேல் வைத்துவிட்டு, தம்பி இரண்டு கையாலும் தாளை வாங்கிக்கொண்டார்.